தெற்கு யன்னலில் இடியப்பத்தட்டு

நூற்றுப் பன்னிரண்டு டொலர் நாற்பத்தொரு சதம்.
மார்ச் மாதக் கேபிள் பில்லைக்
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு
மூன்று நாள்
அதைப் பாராதமாதிரி பால் எடுத்தோம்.

இருநூற்றுப் பதினாறு அலைவரிசைகள்.
நாங்கள் பார்த்தது ஐந்து.
மிச்சப்பேரை முகம்கூடத் தெரியாது,
அவர்களுக்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டியிருக்கிறோம்.

வேண்டாம் என்று சொல்ல
நாற்பத்தேழு நிமிடம் லைனில் நின்றார் குகநேசன்.
போன் தன்பாட்டில் பியானோ வாசித்தது.
பிறகு ஒரு பெண் வந்தாள்.
ஆறு மாதத்துக்குப் பாதி விலை என்றாள்,
விளையாட்டு எல்லாம் இலவசம் என்றாள்,
இத்தனை வருட உறவல்லவா என்றாள்.
உறவு என்றதும்
இவர் குரல் இளகியது எனக்குக் கேட்டது.
அடுப்படியில் நின்று
அகப்பையை ஆட்டினேன்: வேண்டாம்.

கறுப்புப் பெட்டியைத் துவாயில் சுற்றி
மார்க்கம் வீதி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்.
மேசையில் தூசி படியாத சதுரம் ஒன்று
ஒரு கிழமை இருந்தது.

எட்டாம் மாடி ரொடெல்தான் சொன்னான்,
காற்றில் சும்மா வருகிறது,
பிடிக்கத் தெரிந்தவனுக்குக் காசில்லை என்று.
யாரோ வீடு மாறும்போது விற்ற அன்ரனா, பன்னிரண்டு டொலர்,
ஒரு காது வளைந்தது.
எங்களுடையது பதினாலாம் மாடி.
தெற்கே இரண்டு கட்டடங்களின் இடுக்கில்
ஒன்ராறியோ ஏரி
ஒரு விரற்கடை.

இந்தக் காலத்துப் படம் இரையாது, மங்காது.
வந்தால் முழுசாய் வரும்.
இல்லையென்றால்
செய்தி வாசிப்பவரின் வாய் ஓரிடம்
கண் வேறிடமாய்க்
கட்டங் கட்டமாய் உறைந்துபோகும்.

நான் யன்னலடியில் நின்றால் வந்தது.
"அப்பிடியே நில்லும். அசையாதையும்."
அன்றைய செய்தியை நான் பார்க்கவில்லை,
கையில் கழுவாத கோப்பையோடு
அதைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

பிறகு என் இடத்தில்
அந்தப் பெரிய அலுமினிய இடியப்பத்தட்டைச்
சாய்த்து வைத்துப் பார்த்தார்.
பத்தொன்பது அலைவரிசை விழுந்தது.
என்னைவிட அது நன்றாக நின்றது.

அதில் ஆறு, பஃபலோவிலிருந்து.

ஏரிக்கு அந்தக் கரை வேறு நாடு.
கடவுச்சீட்டுமில்லை, கைரேகையுமில்லை,
தண்ணீருக்கு மேலால் நேரே வந்து
எங்கள் சோபாவுக்கு முன்னால் நின்று
நாளைக்குப் பனி கொட்டும் என்றது.

வானிலைக்காரி ஒரு பாலத்தைக் காட்டினாள்.
பலத்த காற்று, லொறிகள் போகமுடியாது.
"இதாலதான் வந்தனான்" என்றார்.
எதால்?
"இந்தப் பாலத்தால."
ஆறிய சோறு ஆறியபடி இருந்தது.

இருபத்தாறு வருடக் கலியாணம்.
எண்பத்தேழில் வந்தவர் என்பது தெரியும்.
வரமுதல் பஃபலோவில்
ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில்
விசாரணைத் தேதிக்காக
ஏழு கிழமை கிடந்தது தெரியாது.
அங்கேயும் ஒரு ரீவி,
காதொடிந்த இடத்தில் கோட் மாட்டும் கம்பி செருகியது.
ஆங்கிலம் பிடிபடாத பதினேழு பேர்
இரவிரவாய் வானிலை மட்டும் பார்ப்பார்களாம்.
எண் விளங்கும். அம்புக்குறி விளங்கும்.
பாலம் திறந்திருக்கிறதா என்பது விளங்கும்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
நானும் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

எனக்குத்தான் நாடகம் போய்விட்டது,
வேலைக்குப் போகும் பஸ்ஸில்
போனில் துண்டு துண்டாய்ப் பார்க்கிறேன்.
மகள் அனோஜிதா
மூன்று சிநேகிதிகளின் கடவுச்சொல்லில் குடியிருக்கிறாள்.
இன்டர்நெட்காரன் மே மாதத்திலிருந்து
பத்து டொலர் கூட்டுவானாம்.
அப்படியும் மிச்சம்தான், கணக்குப் பார்த்தேன்.

சனி இரவுகளில் மட்டும் சிக்கல்.
மா குழைத்தாயிற்று, தண்ணீர் கொதிக்கிறது,
தட்டு யன்னலில்.
"அவள் பாலத்தைக் காட்டட்டும்" என்கிறார்.

மா இறுகிவிடாமல்
ஈரத்துணி போட்டு மூடிவைக்கிறேன்.